செவ்வாயும் வெள்ளியும், ஆறிலிருந்து எட்டு

ஒல்டன் பழஞ்சாமான் கடையில்
இருபத்தைந்து பிராங்க்.
ஏதோ பல்வைத்தியர் கழித்துவிட்டது.
பதினாறு கிலோவை மடியில் வைத்துப் பேருந்தில் வந்தேன்.
பக்கத்தில் இருந்தவர் காலை ஒடுக்கிக்கொண்டு
அடுப்பா என்று கேட்டார்.
ஓம் என்றேன்.
அதற்குமேல் ஜெர்மனில் விளக்க
அன்றைக்குத் தெம்பில்லை.

வீட்டில் ஆளியைத் தட்டினால்
விமானம் ஏறுகிற சத்தம்.
கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது.
இறக்கினேன் நிலக்கீழ் அறைக்கு,
சலவை இயந்திரத்துக்கும் கொடிக்கயிற்றுக்கும் நடுவே.
ரயில்வே கன்டீனில் தட்டுக் கழுவி
ஊறிப்போன விரல்களோடு,
வேலைவாய்ப்பு அலுவலகம் காசு தர மறுத்த பாடத்தை
நானே தொடங்கினேன்.

கறுப்புத் திரை.
மூலையில் கண்சிமிட்டும் ஒரு வெள்ளைக் கோடு.
படமில்லை, பொத்தானில்லை, மவுஸ்கூட இல்லை.
கேள் கேள் என்று நிற்கிறது,
எதைக் கேட்பதென்று மட்டும் சொல்லாது.
எல் எஸ் என்று அடித்தேன்.
கோப்புகள் வந்தன.
மறுபடி அடித்தேன். அதே கோப்புகள்.
மூன்று நாளைக்கு
அதுவே பெரிய சந்தோஷம்.

ரூட் என்றால் வேர்.
வேருக்குத் திறக்காத அடைவில்லை,
வேர் அழிக்க முடியாத கோப்பில்லை.
பதினொரு வருடம் எஃப் அட்டையோடு இருந்தவளுக்குப்
பிடிக்காமல் என்ன?
இரண்டாம் வெள்ளி
ஒரு இடைவெளி தவறான இடத்தில் விழுந்தது.
ஒரே ஒரு இடைவெளி.
வரிகள் ஓடின, ஓடின.
நிச்சயமா என்று அது கேட்கவேயில்லை.
வேரைக் கேள்வி கேட்க யாருமில்லை அல்லவா.
கடைசியில்
எல் எஸ் என்றால் என்னவென்றே
அதற்குத் தெரியாமல் போனது.
அழுகை வருமென்று நினைத்து
சலவைக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.
சிரிப்புத்தான் வந்தது.

நான்காம் தடவை நிறுவியபோது
நூலகத்துப் புத்தகம் சொன்னபடி
சாதாரண ஆள் ஒருத்தியை உண்டாக்கினேன்.
பெயர்? என்றது.

இந்த நாட்டில் என் பெயர் அப்பா.
படிவத்தில் கடைசிப் பெயர் கேட்டார்கள்;
அவரைத் தவிர எனக்குப் பின்னால் யார்?
அன்றிலிருந்து வங்கியிலும் வைத்தியரிடமும்
ஃபிராவ் துரைராசசிங்கம் என்று
மூச்சுப் பிடித்து, பாதியில் விட்டு,
செத்துப்போன மனிதரைக் கூப்பிடுகிறார்கள்.
நான் எழும்பிப் போகிறேன்.

இங்கே சின்ன எழுத்தில், முதலெழுத்தும் இல்லாமல்
நிரஞ்சலா என்று அடித்தேன்.
எழுத்துக்கூட்டச் சொல்லவில்லை.
வீட்டடைவு ஒன்று தந்தது.
எட்டாத இடத்தில் கை வைத்தால்
அனுமதி இல்லை என்றது, கோபமில்லாமல்.
அந்த இல்லையை எழுதி வைத்தவள் நான்தான்,
யோசித்து,
எனக்கே.

சத்தம் பற்றிக் கடிதம் வந்தது.
பிறகு வீட்டுப் பராமரிப்பாளர் பூட்டிக்கரே வந்தார்.
திரையைப் பார்த்தார், மின்கம்பியைப் பார்த்தார்,
என்னை அவ்வளவாகப் பார்க்கவில்லை.
நிலக்கீழ் அறையில் ஓடுகிற எதற்கும்
ஒரு நேரம் வேண்டும் என்றார்.
சுவரில் தொங்கிய சலவை அட்டவணையில்
காதில் செருகிய பென்சிலை எடுத்து
செவ்வாய், வெள்ளி, ஆறிலிருந்து எட்டு,
சேர்வர்
என்று எழிலாக எழுதினார்.

சேர்வர் என்றால் ஓயாதது என்று
புத்தகத்தின் முதல் பக்கம்.
என்னுடையது வாரத்துக்கு நாலு மணித்தியாலம்.
ஆகையால் மற்றவர்கள் கடைசியில் படிப்பதை
நான் முதலில் படித்தேன்,
எப்படி நிறுத்துவதென்று.
இணைந்திருப்போருக்கு அறிவித்து
(இணைந்திருப்பது நான் ஒருத்தி),
எழுதிக்கொண்டிருந்ததை எழுதி முடிக்க விட்டு,
ஒவ்வொரு வேலையாய்க் கைகழுவி.

எட்டுக்கு மூன்று நிமிடம்.
விசிறி தணிகிறது.
அடுத்த முறைக்காரி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு
கதவில் சாய்ந்து கேட்கிறாள்,
முடிந்துவிட்டதா? காய்ந்துவிட்டதா?

இன்னும் ஈரம்தான் என்கிறேன்.