பாதி உருளைக்கிழங்கு

கோத்தகிரிக் கிளைக்கு மேலாளராக வந்தபோது
கையோடு கொண்டுவந்தவை
ஒரு கம்பளிக் குல்லா,
இரண்டு பெட்டி கார்பன் தாள்.
குல்லா மூன்றாம் நாளே தொலைந்தது.
கார்பன் தீர்ந்து, மறுபடி வாங்கினேன்.

முதல் மாதம் நாற்பத்தொரு மெமோ.
டீசல் அதிகம், ஒரு மெமோ.
சட்டையில் பொத்தான் இல்லை, ஒரு மெமோ.
செபஸ்தியான் பணிமனையில் பீடி பிடித்ததற்கு ஒன்று,
பிடிக்கவில்லை என்று வாதாடியதற்கு இன்னொன்று.
லிட்டருக்கு யார் எத்தனை கிலோமீட்டர் என்று
கண்ணாடி போட்ட பலகை மாட்டினேன்.
எல்லோரும் அதன் முன் நின்று பார்த்தார்கள்.
தலை சீவிக்கொள்ள என்பது
பிற்பாடுதான் தெரிந்தது.

நான் நுழைந்தால்
கேண்டீனில் பேச்சு நிற்கும்.
அதை ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டேன்.

காலை நாலு ஐம்பது, ஒசஹட்டி வண்டி.
ஓட்டுநர் போஜன்.
தினமும் பன்னிரண்டு நிமிடத் தாமதம்.
விளக்கம் கேட்டு எழுதினேன்.
பதில் வந்தது, முழுத்தாளில் ஒரே சொல்:
'உருளைக்கிழங்கு.'

திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.
'விளக்கம் ஏற்கப்படவில்லை.'
சிவப்பு மை. அடியில் ஒரு கோடு.
கோட்டுக்கு அடியில் இன்னொரு கோடு.

மறுநாள் நானே ஏறினேன்,
கடிகாரத்தோடு, கையும் களவுமாகப் பிடிக்க.
ஐப்பசி மழை, அதன்மேல் மூடுபனி.
முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றது.
போஜன் இறங்கினார்.
சட்டைப் பையிலிருந்து
நறுக்கிய உருளைக்கிழங்கில் ஒரு பாதியை எடுத்து
முன்கண்ணாடி முழுக்கத் தேய்த்தார்,
காய்ச்சல் பிள்ளையின் நெற்றிக்குப் பற்றுப் போடுவதுபோல.
நீர் வழுக்கி ஓடியது. பாதை தெரிந்தது,
அடுத்த வளைவு வரை.

பதினோரு வளைவு, வளைவுக்கு ஒரு நிமிடம்.
மிச்ச நிமிடம் கை துடைக்க.
அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.
கேரட் மூட்டைக்காரர் ஒருவர் மட்டும்
"இன்னும் பெரிய கிழங்கா கொண்டாங்கண்ணே" என்றார்.

நாலாவது வளைவில் நானும் இறங்கினேன்.
மறுபாதியை நீட்டினார்.
இடதுபக்கம் நான் தேய்த்தேன்.
அந்தப் பக்கம் பள்ளம் இருந்தது.
அத்தனை நாள் அதை மணிக்கணக்கில்தான் பார்த்திருந்தேன்.

திரும்பி வந்து பழுதுப் பதிவேட்டைப் புரட்டினேன்.
'வைப்பர் மோட்டார் ஓடவில்லை. போஜன்.'
ஒன்பது நாள், ஒன்பது வரி,
எழுத்து வரவரச் சிறுத்துப்போய்.
ஒவ்வொன்றின் கீழும் 'பார்த்தேன்'.
என் கையெழுத்து.
பார்த்தேன், பார்த்தேன், பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது.
எழுதிக் கேட்கலாமா என்று
கார்பனைக்கூட எடுத்துவிட்டேன்.
பிறகு போஜனிடம் போய் நின்று
"மழை ரொம்ப" என்றேன்.
"ஆமாங்க, மழைதான்" என்றார்.
அவ்வளவுதான் நடந்தது.

மோட்டார் கோவையிலிருந்து வரப் பதினேழு நாள்.
அத்தனை விடியலிலும் கேட்டில் நின்று
வண்டி எடுப்பவரிடம் ஒன்றுதான் கேட்டேன்:
"வண்டிக்கு என்ன குறை?"
முதல் வாரம் முழுக்க "ஒண்ணுமில்லைங்க."
அப்புறம் ஒருநாள் பிரேக். ஒருநாள் ஹாரன்.
அப்புறம் கண்டக்டர் சகாயராணி,
வண்டியைப் பற்றி அல்ல,
ஒசஹட்டியில் கழிப்பறை இல்லை,
ஆறு மணி நேரம் தண்ணீர் குடிப்பதில்லை என்றார்.
என் பலகையில் அதற்குக் கட்டம் இல்லை.

செபஸ்தியான் இன்னும் என்னோடு பேசுவதில்லை.
அவர் பீடி பிடித்தது உண்மை.
அந்த மெமோவை நான் கிழிக்கவும் இல்லை.

முன்பு என் பட்டப்பெயர் 'கார்பன்'.
இப்போது 'கிழங்கு'.
ஏறியிருக்கிறேனா இறங்கியிருக்கிறேனா, தெரியவில்லை.

நேற்று புது மோட்டாரோடு வண்டி போனது.
கண்ணாடி பளிச்சென்று இருந்தது.
ஆனாலும் ஐந்து நிமிடம் தாமதம்.
"ஏன்?" என்றேன்.
போஜன் கீழே இறங்கி,
துண்டால் முகம் துடைத்து,
"அது பெரிய கதைங்க" என்று ஆரம்பித்தார்.

பேனாவை மூடி வைத்தேன்.