ஏழாவது கட்டம்

டுலூத்தில் ஜனவரி. ஏரி உறைந்து
கப்பல்கள் நின்றுவிட்டன.
கப்பல் வராத மாதங்களில் தோய்வோவுக்குச்
சட்டென்று கோபம் வரும்.
மார்ச்சுக்குத் தள்ளிப்போட முடியுமா என்றேன்.
எழுத்தர் நிமிரவே இல்லை.
"இருபத்துமூன்று. காலை ஒன்பதரை."

அம்மா போய் ஆறு வாரம்.
அவன் கணக்கைத் தொட நீங்கள் யார்
என்று கேட்டது வங்கி.
நாற்பத்தொரு வயது ஆணின்
கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க
ஒரு நீதிபதி தேவைப்பட்டார்.

தம்பியிடமிருந்து எதையெல்லாம் எடுத்து
என்னிடம் தர வேண்டும்?
படிவம் கட்டம் கட்டமாகக் கேட்டது.
குடியிருக்கும் இடம். மருந்து. பணம். ஒப்பந்தம். கார் ஓட்டுவது.
ஆறாவதில் திருமணம். பேனா நின்றது.
மளிகைக் கடையில் பை நிரப்பும் டார்லாவின்
வளையம் போட்ட காதைப் பற்றி
ஒரு ஞாயிறு முழுக்கப் பேசியிருக்கிறான்.
எழுந்து போய்க் காபி போட்டேன்.
திரும்பி வந்து குறியிட்டேன்.
ஏழாவதில் ஓட்டுரிமை.
அதற்குள் கை பழகிவிட்டது.

பிறந்ததிலிருந்து எங்களுக்கு ஒரே மேசை.
அன்று ஆளுக்கொரு மேசை.
என்னிடமிருந்து அவனைக் காக்க
அரசே ஒரு வக்கீலை அமர்த்தியிருந்தது,
தொண்டை கட்டிய சின்னப் பெண்.
அப்பாவின் டையை அவனே கட்டிக்கொண்டு வந்திருந்தான்,
நுனி பெல்ட்டுக்குள் செருகியிருந்தது.

நீதிபதி ஒவ்வொன்றாக வாசித்தார்.
"சரி. ஹெல்மி பாத்துக்குவா."
மருந்துக்கும் அதே. பணத்துக்கும் அதே.
திருமணத்துக்கும் அதையே சொன்னபோது
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஏழாவதுக்கு "மாட்டேன்" என்றான்.

பர்ஸிலிருந்து காலாவதியான பஸ் பாஸ்.
அதன் முதுகில்
நான் ஓட்டுப் போட்டேன் என்னும் சிவப்பு ஒட்டிகள்,
ஒன்றின்மேல் ஒன்றாய், ஓரம் சுருண்டு.
"அம்மா வாசல்ல நிப்பா.
உள்ள நான் தனியாத்தான் போவேன்."

எனக்குத் தெரியாது.
நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவள்.
தேர்தல் நாளில் இரட்டைச் சம்பளம்.

நீதிபதி என்னைப் பார்த்தார்.
"அது தவறுதலாகக் குறியிட்டது" என்றேன்.
வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்த பிறகு
நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.
அவர் ஏழாவதை அடித்துவிட்டு
ஓரத்தில் சுருக்கெழுத்திட்டார்.
பதினோரு நிமிடத்தில் முடிந்தது.

முத்திரை வைத்த தாளைத்
தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னான். கொடுத்தேன்.
வண்டிக் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தேன்.
முன்னிருக்கைச் சாளரத்தை இறக்கினான்.

"ஹெல்மி, ஆறாவதும் நீதானே பாத்துக்குவே?
கோட்டு எனக்கு நான்தான் எடுப்பேன்.
டார்லாகிட்ட நீ எப்பப் பேசுவே?"

குளிர் உள்ளே போகிறது,
கண்ணாடியை ஏற்று என்றேன்.
ஏற்றினான்.
நான் சுரண்டிய இடத்தையே
உள்ளிருந்து கையுறையால்
துடைத்துக்கொண்டிருந்தான்.