இருநூறு கிராம் நேரம்

கீழவாசல் பழைய சாமான் கடையில்
மிக்ஸி ஜார்களுக்கு நடுவே
குப்புறக் கிடந்தது.
"குயில் கடிகாரம், ஜெர்மனிச் சரக்கு" என்றார் மைதீன் பாட்சா.
"ஓடினால் எண்ணூறு.
ஓடாது, அதனால் முந்நூறு."

திருப்பிப் பார்த்தேன்.
சரிந்த கூரை, கூரைக்கடியில் முக்கோணம்,
முக்கோணத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கதவு.
தெரிந்த வீடு.
கூடல்நகருக்கும் சமயநல்லூருக்கும் இடையே
தண்டவாளத்தை ஒட்டி
பச்சைக்கொடி சிவப்புக்கொடியோடு
நான் உட்கார்ந்திருக்கும் வீடு.

பிறகுதான் படித்தேன்.
இடுப்பளவு பனி விழும் மலைக்காட்டில்
மாடுகளை அடைத்துவிட்டுக்
கை சும்மா இருக்க மாட்டாமல்
குளிர்காலம் முழுக்கச் செதுக்கினார்களாம்.
ஆரம்பத்தில் வெறும் பலகை, பூ வரைந்த முகம்.
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதில் ஒரு போட்டி.
ரயிலுக்குக் கட்டடம் வரைகிற ஒருவர்
இருப்புப்பாதைக் காவலாளியின் குடிலை வரைந்து
அதன் நெற்றியில் மணிமுகத்தைப் பதித்து அனுப்பினாராம்.
அன்றிலிருந்து குயில்
ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறது.

யாருக்கு, சொல்லுங்கள்?
எங்கள் ஊர்க் குயிலாகட்டும் அந்த ஊர்க் குக்கூவாகட்டும்,
ஆயுளில் ஒரு சுள்ளி எடுத்து வைத்ததில்லை.
முட்டையை அடுத்தவர் கூட்டில் சேர்த்துவிட்டு
மரம் மாறிக் கூவப் போகிற ஜாதி.
அதற்குப் போய்
ஓடு வேய்ந்து, கொடி செதுக்கி, தனிக்கதவு வைத்து,
அட்வான்ஸ் கேட்காமல்.

எனக்கு இது பரவையில் மூன்றாவது வாடகை வீடு.

உள்ளே தீப்பெட்டி அளவில் இரண்டு துருத்திகள்.
ஒன்று குக், ஒன்று கூ.
கூவை எலி தின்றிருந்தது.
உடைந்த பலூனை வெட்டி ஒட்டினேன்.
இப்போது அது
குக்-பூ என்கிறது.
காலை ஆறு மணிக்கு ஆறு தடவை.
மாடிவீட்டு ஜெசிந்தா எட்டிப் பார்த்து
"முழம் எவ்வளவு?" என்றாள்.

காய்ந்த தாழம்பழம்போல இரும்புக் குண்டுகள்,
இரண்டில் ஒன்று தொலைந்திருந்தது.
தண்டவாள ஓரத்து போல்ட் ஒன்று சரியாக இருக்கும்.
தொட்டால் வேலை போகும்.
பரவை மார்க்கெட்டில் முத்திரை காலாவதியான
இருநூறு கிராம் எடைக்கல் வாங்கிச்
சங்கிலியில் கட்டினேன்.
கத்தரிக்காய் நிறுத்த கல்
மெள்ள மெள்ள இறங்குகிறது.
மறுநாள் இதே நேரம் தரையைத் தொடும்.
இழுத்துவிட்டால் இன்னொரு நாள்.

கேட் குடிலில் ஒரு வாரம் மாட்டியிருந்தேன்.
மூன்றாம் நாள் ஜன்னல் கம்பியில் ஒரு காகம்.
மணி பதினொன்று.
கதவு திறந்தது, பறவை குனிந்தது, பூ என்றது.
காகம் தலையைச் சாய்த்துப் பார்த்தது
தலைமுறை தலைமுறையாக ஏமாந்த கண்ணால்.
கதவு மூடிய பிறகு பறந்து வந்து
அதன் மேல் ஒரே ஒரு கொத்து.
அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஏழாம் நாள் இன்ஸ்பெக்டர் வர்கீஸ் வந்தார்.
"முத்துப்பேச்சி, இது ரயில்வே சொத்தா?"
"வீடு ரயில்வேயோடது சார். பறவைதான் என்னோடது."
சிரித்தார்.
சிரித்துக்கொண்டே பதிவேட்டில் எழுதினார்:
அங்கீகாரம் இல்லாத கடிகாரம். அகற்றவும்.
நாலு நிமிடம் பிந்துகிறது என்று
அடைப்புக்குறிக்குள்.

அகற்றினேன்.

ராத்திரி இரண்டு மணி.
போன் அடிக்கிறது. நம்பர் சொல்கிறார்கள், நம்பர் சொல்கிறேன்.
கேட்டை இறக்குகிறேன்.
கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து
பச்சை விளக்கை உயர்த்தி நிற்கிறேன்.
இருபத்திரண்டு பெட்டிகள்
தூங்கிக்கொண்டே போகின்றன.
கடைசிப் பெட்டியின் சிவப்பு சிறுத்து மறைந்ததும்
உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறேன்.

இன்னும் நாலு நிமிடத்தில்
பூட்டிய என் வீட்டுக்குள் அது
இரண்டு முறை பூ விற்கும், வாங்க ஆளில்லாமல்.

கிளம்பும்போது
சங்கிலியை இழுத்துவிட்டு வந்தேனா,
ஞாபகமில்லை.