இரைச்சல் நீக்கி

முந்நூற்று நாற்பது பேர்
ஒரே நேரத்தில் பேச வேண்டும் என்றார்கள் சங்கத்தில்.
பேச அல்ல, கேட்க, என்று திருத்தினேன்.
யாரும் கேட்கவில்லை.

மூன்று கொட்டேஷன் வந்தது.
சென்னைக்காரன் சொன்ன சர்வருக்கு ஏசி அறை வேண்டும்.
தங்கச்சிமடத்தில் ஏசி என்றால்
ஐஸ் கம்பெனி மாடிதான்.
போன சர்வரின் விசிறியை
உப்புக்காற்று ஒன்பதே மாதத்தில் தின்றது.
ஆகவே விசிறியே இல்லாத சின்னப் பெட்டி இரண்டு,
ஒன்று போனால் ஒன்று.

மென்பொருளில்தான் தகராறு.
முதலாவது, உரத்த மூன்று குரலை மட்டும் கடத்தும்;
மற்றதை விழுங்கிவிடும்.
"நம்ம கூட்டம் மாதிரியே இருக்கே" என்றார் பொருளாளர் சலேத்.
இரண்டாவதில் இரைச்சல் நீக்கி உண்டு.
ஜெனரேட்டர், நாய், மீன் ஏலம் எல்லாம் துடைத்து
குரலைக் கழுவிக் கொடுத்தது.
அதையே வாங்கினோம்.

சோதனை இரவு.
ஏர்வாடி, மோர்ப்பண்ணை, பாசிப்பட்டினம்,
ஒவ்வொரு துறையாகத் திரையில் பச்சை விழுந்தது.
கடல் எப்படி என்று கேட்டேன்.
பாம்பனிலிருந்து தஸ்நேவிஸ்:
"வாயால என்னத்தச் சொல்ல?
போனைக் கடல் பக்கம் பிடிக்கிறேன், கேளுங்க."

அமைதி.
கழுவிவிட்ட ஏலக்கூடத் தரை மாதிரி.
முந்நூற்று முப்பத்தொன்பது பேர்
அதைக் கேட்டார்கள்.

எந்த மெனுவில் இருக்கிறதென்று தேடி
அந்தக் குறியை எடுத்தேன்.

கச்சான்
அறைக்குள் வந்தது.
யாரோ, எந்தத் துறையோ தெரியவில்லை,
"இன்னைக்கு இறங்க வேண்டாம்" என்றார், மெதுவாக.
உரத்த மூன்றில் சேராத குரல்.
பிறகு எங்கோ
நங்கூரக் கயிறு இறுகும் சத்தம்.