ஒற்றைத் தோடு

அழகன்குளம், நான்காம் குழி.
தாழியின் வாய் உடைந்திருந்தது.
உப்பு மண்ணைத் தூரிகையால் தள்ளத் தள்ள
மஞ்சளாய் ஒரு விளிம்பு,
நடுவே
புது மீனின் செவுள் நிறத்தில் கல்.

பதிவேட்டில் எழுதினேன்:
தோடு, பொன். எடை ஒன்றே முக்கால் கிராம்.
கல் சிவப்பு, பெயர் பிறகு.

மண் சுமக்கும் முத்திருளாயி
சட்டியை இடுக்கியபடி எட்டிப் பார்த்தாள்.
அவள் காதில் வேப்பங்குச்சி.
"ஜோடி எங்க சார்?"

சலித்தோம்.
மூன்று நாள், கடற்காற்றில் கண் எரிய எரிய,
தாழிக்குள் இருந்த மண் எல்லாவற்றையும்.

"கெடைக்காது சார்" என்றாள், சல்லடையைத் தட்டிவிட்டு.
"ஒன்ன வித்துத்தான
இத்தாம் பெரிய பானை
வாங்கியிருப்பாக."