இரண்டு ஏக்கர் பதினொரு பேர்ச்

மூன்றாவது சிவப்பு நோட்டீஸும் வந்துவிட்டது.
"நுளம்பு பெருகும் புதர். பதினான்கு நாள் அவகாசம்."
சுகாதாரப் பரிசோதகரின் கையெழுத்து
கினிப்புல் மாதிரியே ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

முகத்துவாரத்தில், மூடிய சவர்க்காரக் கிட்டங்கிக்குப் பின்னால்
வழக்கில் கிடக்கும் காணி.
யாருக்கென்று இன்னும் தீர்ப்பாகவில்லை.
புல்லுக்கென்று எப்போதோ ஆகிவிட்டது.
நான் பராமரிப்பு. மாதாமாதம் வவுச்சர் எழுதுபவன்:
பெற்றோல், நைலோன் நூல், லூர்துராஜின் கூலி, இரண்டு பிளேன்டீ.
ஆறு வருட வவுச்சரை அடுக்கினால்
அதுவும் இடுப்புயரம் வரும்.

தலைமை அலுவலகம் கடைசியில் ஒரு நிபுணருக்குச் சம்மதித்தது.
ஜீப்பில், தொப்பியோடு யாரோ வருவார் என்று
பெரிய கேற்றைத் திறந்து வைத்தேன்.
நஸீஹா பஸ்ஸில் வந்து
சின்னக் கதவால் நுழைந்தாள்.
கறுப்பு முக்காடு, சேற்றுச் சப்பாத்து,
பையில் ஒரு பழைய கறிக்கத்தி.
என் மகளைவிட நாலு வயது கூட இருக்கலாம்.

இயந்திரத்தை அவள் பார்க்கவே இல்லை.
குந்தியிருந்து ஒரு தூரைப் பிளந்தாள்.
"எப்போது வெட்டுவீர்கள்?"
"மாதக் கடைசியில். காசு வந்த பிறகு."
"புல் உங்கள் சம்பளத் திகதி பார்க்காது, சேர்."
ஒரு கதிரை உருவி
என் உள்ளங்கையில் உதிர்த்தாள்.
"முற்றின பிறகு வெட்டுகிறீர்கள்.
இது வெட்டு இல்லை, விதைப்பு.
அதுவும் கூலி கொடுத்து."

லூர்துராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
நான் கையை எங்கே தட்டுவதென்று தெரியாமல்
மூடியபடி வைத்திருந்தேன்.

இபில் இபில் கட்டைகளை எண்ணினாள். நூற்றி நாற்பத்திரண்டு.
ஒவ்வொரு வெட்டுவாயிலும் ஏழெட்டுத் தளிர்,
தலை போன சேதி இன்னும் எட்டாத மாதிரி.
"அறுத்த கையோடு மருந்து பூச வேண்டும்.
ஐந்து நிமிஷம் தாண்டினால் மரம் வாயை மூடிக்கொள்ளும்.
விசிறக் கூடாது. இங்கே கடற்காற்று
யார் வீட்டுக் கறிவேப்பிலை என்று பார்க்காது."
பிளேன்டீக்கு முதலா பிறகா என்று
லூர்துராஜ் கேட்டான்.
முதல், என்றாள். சிரிக்கவில்லை.

குழாயடி மூலையில் நின்றாள்.
எனக்கு நெஞ்சு திக்கென்றது.
காவலாளி பியதிலக்கவின் மனைவி
அங்கே வல்லாரை பறித்து
கட்டுக்கட்டாய்க் கொட்டாஞ்சேனைச் சந்தைக்குக் கொண்டுபோவாள்.
எந்த அறிக்கையிலும் நான் எழுதாத மூலை அது.
நஸீஹா ஒரு இலையைக் கிள்ளி மணந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

திட்டம் தபாலில் வந்தது. நாலு பக்கம்.
வரைபடத்தில் குழாயடியைச் சுற்றி ஒரு வட்டம்:
"இங்கு மருந்து வேண்டாம். கைக்களை மட்டும்.
இடம் தெரிந்த ஒரு பெண். நாட்கூலி."
தலைமை அலுவலகம் தொலைபேசியில் கேட்டது,
இந்தச் செலவு எதற்கு?
"நிபுணர் சொன்னது," என்றேன்.
ஆறு வருடத்தில் முதல் தடவையாக
மறுபேச்சு வரவில்லை.

அன்று வேலை தொடங்கிய இரவு
மூன்றாம் மாடியில், பல்கனியில்
காலுறையில் ஒட்டிய நாயுருவி விதைகளைப் பிடுங்கினேன்.
பத்தொன்பது.
கீழே உதறப் போனவன் கையை இழுத்துக்கொண்டு
அவளுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன்:
இவற்றை என்ன செய்வது?

"எரியுங்கள்.
மற்றக் காலையும் பாருங்கள்."