ஆறு கட்டங்கள்

மூன்றாம் முறையும் பொலிவியாவையே எடுத்தேன்.
பிரிட்டனை எடுத்தால் வெல்லலாம்,
வென்றபின் செய்ய ஒன்றுமிராது.
பரகுவாயை எடுத்தால் நேரத்துக்குப் படுக்கலாம்.
இது இடையில் கிடக்கிற நாடு.
விழுங்கப் பெரிசு, மிரட்டச் சின்னது.

ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு, தை மாதம்.
வாசிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குப் பதினொருவர்.
படைவீரர் பதினாலாயிரம்,
சப்பாத்து நாலாயிரம் சோடி.
துறைமுகம் ஒன்றே ஒன்று, கொபிஹா.
போகிற வழியெல்லாம் உப்பும் மணலும்.
வரைபடத்தில் அது என் சுண்டுவிரல் நகமளவு.
போன இரண்டு ஆட்டத்திலும்
அந்த நகத்தை லொயிக் பிடுங்கினான்.

லொயிக்தான் எப்போதும் சிலி.
பகலில் சான்-இமியேயில்
கடுகைவிடச் சின்னத் திருகாணிகளை மினுக்குகிறவன்.
அவசரப்படத் தெரியாது.
அதுதான் எனக்குப் பயம்.

நான் பீல் நகரில் மீன் விற்கிறவள்.
கடலில்லாத தேசத்தில்.
செவ்வாயும் வெள்ளியும் விடிய நாலரைக்கு
கடல் லாரியில் வரும், ஐஸும் ரசீதும் சேர்த்து.
கணவாயின் தோலைப் பார்த்தே
பிடித்த நாளைச் சொல்லிவிடுவேன்.
பிரெஞ்சில் ஒரு பெயர், ஜெர்மனில் ஒரு பெயர்
எழுதிய அட்டையைக் குத்தி வைப்பேன்.

இரவு பத்துக்குமேல் எங்கள் கட்டிடத்தில்
உடுப்புத் தோய்க்கக்கூடாது,
குளிக்கக்கூடாது,
கதிரை இழுத்தால் கீழ்வீட்டு ஃப்ராவ் அம்மான்
தும்புத்தடியால் முகட்டில் தட்டுவா.
(பெயர் அப்படித்தான். அவ ஒருவருக்கும் மாமனில்லை.)
யுத்தம் செய்யலாம். ஹெட்போன் போட்டுக்கொண்டு.

பள்ளிக்கூடங்கள் கட்டினேன்.
நிலக்கிழாருக்குக் கோபம் வந்தது.
கோபம் இங்கே ஒரு சிவப்புப் பட்டை,
திரையின் இடதுபக்கம் மெல்ல வளரும்.
அறுபதைத் தாண்டமுன்
சுரங்கத் தொழிலாளர் சட்டத்தைப்
பத்து வருடம் தள்ளிப்போட்டேன்.
ஒரு சொடுக்கு.
மாதாமாதம் தொழிற்சங்கச் சந்தா கட்டுகிறவள் நான்.
அன்று தேத்தண்ணி ஆறும்வரை குடிக்காமல் இருந்தேன்.

எழுபத்தொன்றில் லொயிக்கின் கடிதம் வந்தது:
துறைமுகம், அல்லது போர்.
பெரு எனக்கு நட்பு நாடு.
பெரு என்றால் வின்டர்தூர் சேரலாதன்,
ரயில் பெட்டிக்கு மின்கம்பி இழுக்கிற பெடியன்.
"வாறன் அக்கா, பிள்ளை எழும்பிட்டுது,
ரெண்டு நிமிசம்" என்றான்.
அந்த ரெண்டு நிமிசத்தில்
எனக்குப் பதினாலு மாதம் போனது.

பாலைவனத்தில் நான் ஆளே வைக்கவில்லை.
லொயிக் வைத்தான்.
முப்பதாயிரம் பேர், தண்ணீர் பூச்சியம்.
நான் மேலே, மலை இடுக்குகளில்,
கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.
அவனுடைய எண்கள் கரைவதைப் பார்த்தேன்,
வெயிலில் ஐஸ் கரைகிற மாதிரி.
பெரு வந்து சேர்ந்தபோது
கையெழுத்து மட்டும்தான் மிச்சம்.

கரை மிஞ்சியது.
கப்பல் இல்லை.
மேசை இருந்தும் மீனில்லாத என் திங்கட்கிழமைகள் போல.
கடன் வாங்கினேன், வட்டிக்கு இன்னொரு கடன்,
எழுபத்தேழில் ஒரு நீராவிக் கப்பல் இறக்கினேன்.
பெயர் கேட்டது.
அதுவாகவே ஒரு ஜெனரலின் பெயரையும் தந்தது.
அழித்துவிட்டுத் தமிழில் அடித்தேன்:
கணவாய்.
மலையில் அது வழி. கடலில் அது உயிர்.

எழுத்து வரவில்லை.
திரையில் ஆறு வெற்றுக் கட்டங்கள்.
நாலு எழுத்துக்கு ஆறு.
காலுக்கு ஒரு தனிவீடு,
புள்ளிக்கு ஒரு தனிவீடு.

"கப்பலுக்கு என்ன பெயர்?
எனக்குப் பெட்டிதான் தெரியுது" என்று லொயிக் கேட்டான்.
நாளைக்கு அட்டையில் மூன்றாவதாக
இதையும் எழுதினால் யார் கேட்பார்கள் என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.
பதில் போடவில்லை.

மணி மூன்று பத்து.
எதிரியில்லாத கரையோரம்
ஆறு கட்டங்கள் மேலும் கீழும் போய்வருகின்றன.
நிலக்கரி ஏழு வாரத்துக்குத்தான் இருக்கிறது.
விற்க ஒருவருமில்லை, பிரிட்டனைத் தவிர.
அதை வியாழன் இரவு பார்க்கலாம்.
சேமித்தேன். சப்பாத்தைத் தேடினேன்.
லாரி இந்நேரம் பாசல் தாண்டியிருக்கும்.